சிலை வைக்குமுன் ஊரைக் கேளுங்கள்

(யாழ்ப்பாணத்தில் வரியிறுப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு மிகச் சிறிதாகத் தோன்றலாம். காணி விடுவிப்பைப் பற்றியும், காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றியும், அதிகாரப் பகிர்வைப் பற்றியும் முழங்க வேண்டிய மேடையிலே, சனசமூக நிலையத்துச் சுவரோவியத்தையும் வாசிகசாலை முன்றலில் நிற்கும் சிலையையும் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று முன்வரிசையிலிருக்கும் நண்பர் சிலர் புன்னகை புரிவதை நாம் காண்கின்றோம். புன்னகை புரியட்டும். ஆனால், கல்லும் சுண்ணாம்பும் அற்ப விடயமென்று எண்ணுவோர் 2021 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் திகதி இரவை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

அன்றிரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவிலே முள்ளிவாய்க்கால் நினைவுச்சின்னம் இயந்திரங்கொண்டு இடித்து நொறுக்கப்பட்டது. செய்தி பரவியதும் மாணவர் வாயிலில் திரண்டனர், உண்ணா நோன்பிருந்தனர். மூன்றாம் நாள், ஜனவரி 11 ஆம் திகதி, இடிக்கப்பட்ட இடத்திலேயே துணைவேந்தரின் கையால் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலிலே புதிய சின்னம் எழுந்துநின்றது. இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் நம் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. இடித்தவர்கள் சொன்ன காரணம் என்ன? இறந்தோரை நினைக்கக்கூடாது என்றா சொன்னார்கள்? இல்லை. "அனுமதியற்ற கட்டுமானம்" என்றார்கள். உள்ளத்திலிருந்த எண்ணம் எதுவாயினும், கையிலே எடுத்த கடப்பாரை இந்த ஒரு சொற்றொடர்தான்.

அனுமதிப் பத்திரம் இருந்திருந்தால் அந்தச் சின்னம் தப்பியிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். தப்பியிருக்கும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். இந்த நாட்டின் அரசியலை அறிந்த எவரும் அவ்வாறு உறுதி கூறார். ஆயினும் ஒன்று சொல்வோம். பதிவேட்டிலே பதியப்பட்டு, சபையிலே தீர்மானிக்கப்பட்டு, ஊராரின் கையொப்பத்தோடு நிற்கும் ஒரு சின்னத்தை இடிக்க வருபவன் பகலிலே வரவேண்டியிருக்கும். அறிவித்தல் கொடுக்க வேண்டியிருக்கும். காரணத்தை எழுத்திலே தரவேண்டியிருக்கும். எழுத்திலே தந்த காரணத்தை நீதிமன்றத்திலே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இருட்டிலே வந்த இயந்திரத்தை யார் எங்கே நிறுத்திக் கேட்பது?

ஆகவேதான் நாம் கேட்கின்றோம்: நமது வட்டாரங்களிலே உள்ள பொதுக் கட்டடங்களில், அதாவது சனசமூக நிலையம், வாசிகசாலை, சந்தை, பூங்கா, பஸ் தரிப்பிடம், முன்பள்ளி ஆகிய இடங்களில், சிலையோ சுவரோவியமோ நினைவுச் சின்னமோ வைக்க விரும்புவோரின் விண்ணப்பங்களை ஆராய்வதற்கு மாநகர சபையிலே முறையான ஒரு குழு வேண்டும். 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தன் அலுவல்களுக்காகக் குழுக்கள் அமைத்துக்கொள்ள மாநகர சபைக்கு அதிகாரமுண்டு. புதுச் சட்டம் எதுவும் கொழும்பிலிருந்து வந்திறங்க வேண்டியதில்லை.

இன்றைய நிலை என்ன என்பதைச் சற்றுப் பாருங்கள். சில காலத்துக்கு முன் ஒரு சனசமூக நிலையத்தார் நம்மிடம் ஆலோசனைக்கு வந்தனர். ஊரைப் பெயரிட்டுச் சொல்லோம். வெளிநாட்டிலிருக்கும் அன்பரொருவர் தம் தந்தையார் நினைவாக ஒரு பெரியாரின் சிலையை அந்த நிலையத்தின் முன்றலிலே எழுப்பப் பணம் அனுப்பினார். தலைவரும் பொருளாளரும் பேசிக்கொண்டார்கள், மேசன் வந்தார், சீமெந்து வந்தது, ஒரு வாரத்திலே சிலை எழுந்துவிட்டது. பெரியாரின் பெயர் ஓரங்குல எழுத்தில், கொடையாளியின் பெயர் நான்கங்குல எழுத்தில்! பிள்ளைகள் கரப்பந்து விளையாடிய இடம் சிலையும் சுற்றுக்கம்பியுமாய்ப் போயிற்று. அங்கத்தவரிற் பாதிப்பேர் நிலையத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். நாம் கேட்டோம்: கூட்ட அறிக்கை எங்கே? இல்லை. சபைக்கு எழுதிய கடிதம் எங்கே? இல்லை. கோவையிலே இருந்தவை இரண்டு: மேசனின் பற்றுச்சீட்டு ஒன்று, திறப்பு விழாப் புகைப்படம் ஒன்று. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சிலையைக் காக்கவும் முடியாது, அகற்றவும் முடியாது. இப்படிப்பட்ட கோவைகள் குடாநாடெங்கும் எத்தனை இருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் முன்னோர் இப்படியா காரியம் பார்த்தார்கள்? யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையைப் பாருங்கள். அது எரிந்த கதையையே நாம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றோம். அது கட்டப்பட்ட கதையைச் சொல்ல மறந்துவிட்டோம்.

1933 ஆம் ஆண்டிலே நீதிமன்றத்திற் பணிபுரிந்த கே. எம். செல்லப்பா என்ற பெரியார் தம் வீட்டிலேயே நூல்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். தனியொருவர் முயற்சி. அவர் அதைத் தம் பெயராலேயே நடத்திப் புகழடைந்திருக்கலாம். அவ்வாறு செய்தாரில்லை. ஊரார்க்கு வேண்டுகோள் விடுத்தார். 1934 ஆம் ஆண்டு ஜூன் 9 ஆம் திகதி நீதிபதி குமாரசுவாமி தலைமையிலே கூட்டம் கூடிற்று, குழு அமைந்தது, பணம் சேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி ஆஸ்பத்திரி வீதியிலே வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் வாசிகசாலை திறக்கப்பட்டது. ஐந்தே மாதத்தில், 1935 ஜனவரி முதலாந் திகதி, அது நகர சபையின் கையிலே ஒப்படைக்கப்பட்டது. தனி மனிதரின் அலமாரி ஒன்றேகால் வருடத்திலே ஊரின் உடைமையாயிற்று. ஒவ்வொரு படியிலும் கூட்டம், குழு, பதிவு!

பின்னர் 1952 ஆம் ஆண்டிலே நகரபிதா சாம் சபாபதி காலத்தில் புதுக் கட்டடத்துக்கான முயற்சி எழுந்தது. அப்போதும் ஒரு குழு. அந்தக் குழுவிலே சைவரும் இருந்தார், கத்தோலிக்கத் துறவியான லோங் அடிகளாரும் இருந்தார். நிதிக்காகக் களியாட்ட விழாக்கள் நடத்தினார்கள். ஊரிலுள்ளோர் சீட்டு வாங்கிக் காசு கொடுத்தார்கள். கட்டட வரைபடத்தைத் தம்முள்ளே யாருக்கோ தெரிந்த ஒப்பந்தகாரரிடம் விட்டுவிடவில்லை. நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையைப் பெற்றார்கள். சென்னையிலே திராவிடக் கட்டடக் கலையில் வல்லவரான நரசிம்மனைக்கொண்டு படம் வரைவித்தார்கள். 1954 மார்ச் 29 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11 இல் நகரபிதா அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். ஏழு ஆண்டு! இன்று ஏழு வாரம் பொறுக்க முடியாதவர்கள் நாம்.

அந்த நூலகத்தின் முன்றலிலே கலைமகளின் சிலை வீற்றிருக்கின்றது. அதே வளவிலே லோங் அடிகளாரின் சிலையும் நிற்கின்றது. வீணை ஏந்திய தெய்வமும் அங்கி தரித்த அயர்லாந்துத் துறவியும் ஒரே முன்றலில் நிற்பதைக் கண்டு எவரும் முகஞ்சுளித்ததாக நாம் அறியோம். ஏன்? இருவரும் அங்கே எதற்காக நிற்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஒருவர் கல்விக்குத் தெய்வம். மற்றவர் அந்தக் கட்டடத்துக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர். காரணம் தெரிந்த சிலைக்குக் காவல் வேண்டியதில்லை.

1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்திலே அந்நூலகம் எரிந்தது; ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதே நாட்களில் நகரிலிருந்த தமிழ்ப் பெரியார்களின் சிலைகளும் உடைத்தும் சிதைத்தும் விடப்பட்டன. நூலை எரித்தவர்களுக்குச் சிலையின்மேல் ஏன் கோபம்? சிலையும் நூலைப் போலவே ஒரு சனத்தின் எழுத்து என்பதை நம்மிற் பலரைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தாம் போலும்! நூலகம் மீண்டும் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டது. பழைய வடிவம் எது என்பதிலே ஐயமிருக்கவில்லை. கட்டிய காலத்திலே முறைப்படி கட்டியமையால், அதன் தோற்றம் ஒவ்வொருவர் மனத்திலும் பதிவாகியிருந்தது.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். நூலகத்தின் அருகிலேயே இந்திய அரசின் உதவியோடு பெரியதொரு கலாசார மையம் எழுந்தது. 2015 மார்ச்சிலே இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி யாழ்ப்பாணம் வந்தபோது அடிக்கல் நாட்டினார். 2023 பெப்ரவரி 11 இல் அது மக்களிடம் கையளிக்கப்பட்டது. நல்ல கொடை. அதிலே நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் 2025 ஜனவரி 18 ஆம் திகதி அதற்குத் திருவள்ளுவர் கலாசார மையம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டபோது ஊரிலே சலசலப்பு எழுந்தது. வள்ளுவன் பெயரை வெறுக்கும் தமிழன் உண்டா? இல்லை. ஆயினும், யாழ்ப்பாணம் என்ற பெயர் எங்கே போயிற்று என்று கேட்டார்கள்; பெயர்ப்பலகையிலே தமிழ் பிற்பட்ட இடத்தில் நிற்பதேன் என்று கேட்டார்கள். பின்னர் யாழ்ப்பாணம் என்ற சொல் முன்னே சேர்க்கப்பட்டது.

அந்தத் திகதியை மறுபடி கவனியுங்கள். உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுள் 2023 மார்ச்சிலே முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6 ஆம் திகதி. இரண்டு வருடத்துக்கு மேலாக யாழ் மாநகரிலே தெரிவுசெய்யப்பட்ட அங்கத்தவர் ஒருவரேனும் இல்லை. ஆணையாளரின் நிருவாகமே நடந்தது. பெயர் மாறியது அந்த இருண்ட இடைவெளியிலேதான். 27 வட்டாரங்களிலே ஒரு வட்டாரத்துக்கேனும் வாய் இருந்திருந்தால், வள்ளுவனின் பெயருக்கே ஆட்சேபம் எழுந்தது போன்ற அவலத் தோற்றம் வந்திராது. கொடுப்பவனின் நல்லெண்ணம் பெறுபவனின் சம்மதத்துக்கு ஈடாகாது.

அன்பர்களே! நாம் கேட்கும் இந்தக் குழுவைப் பற்றி ஒரு வலிய ஆட்சேபம் உண்டு. அதை மறைக்காமல் எடுத்துரைப்பது நம் கடமை. "ஐயா, அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை ஒரு குழுவின் கையிலே கொடுத்தால், மறுக்கும் அதிகாரத்தையும் அல்லவா கொடுக்கின்றீர்கள்? நாளை அந்தக் குழு ஆணையாளரின் கையிலே அகப்பட்டால், மாவீரரை நினைக்கவும் அனுமதியில்லை, மாண்டோரை நினைக்கவும் அனுமதியில்லை என்று முத்திரை குத்தி அனுப்பாதா?" என்று ஓர் இளைஞர் நம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானது. எண்பது வருடமாகச் சட்டத்தின் பெயராலேயே நசுக்கப்பட்டு வந்த இனத்தின் இளைஞன் வேறெப்படிக் கேட்பான்?

நமது விடை இது. குழு தணிக்கைச் சபையாக இருத்தல் ஆகாது. "இந்தச் சிலை எதைச் சொல்கிறது, அதை நாம் ஒப்புகிறோமா" என்று கேட்கும் உரிமை குழுவுக்கு இல்லை என்று அமைக்கும் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். குழு கேட்கத்தக்க கேள்விகள் வேறு. அந்த நிலம் யாருடையது? அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்துவோரின் பொதுக்கூட்டம் கூடிற்றா, எத்தனைபேர் வந்தனர், மாறாகப் பேசியோர் சொன்னது பதியப்பட்டதா? செய்யும் கலைஞர் யார், அவருக்குக் கூலி என்ன? பத்து வருடத்தின் பின் வெள்ளையடிப்பதும் பழுதுபார்ப்பதும் யார் பொறுப்பு? அகற்ற வேண்டி வந்தால் எந்த முறையில் அகற்றுவது? மறுத்தால் காரணத்தை எழுத்திலே தரவேண்டும். குறித்த நாளுக்குள் விடை வராவிடின் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளவேண்டும். இறுதியாகச் சொன்ன இந்த ஏற்பாட்டை விட்டுவிடாதீர்கள். கச்சேரி மேசைகளிலே எத்தனை விண்ணப்பங்கள் மறுக்கப்படாமலே மாண்டுபோயின என்பது நமக்குத் தெரியும்.

சனங்களைக் கேட்பதென்றால், வெறுமனே கேட்டது போலக் காட்டுவதும் ஆகாது. நியூயோர்க் நகரிலே சமட்டி அரச காரியாலய முன்றலில் ரிச்சார்ட் செர்ரா என்ற சிற்பி 1981 ஆம் ஆண்டிலே 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட சாய்ந்த உருக்குச் சுவரொன்றை நிறுத்தினார். அரசாங்கமே பணம் கொடுத்துச் செய்வித்தது. அந்த முன்றலைக் கடந்து தினமும் வேலைக்குச் செல்வோர், குறுக்கே மதில் எழுந்துவிட்டதென்று குறைகூறினர். 1985 இலே பகிரங்க விசாரணை வைத்தார்கள். 180 பேர் சாட்சியம் கூறினர். இருக்கட்டும் என்றோர் 122. வேண்டாம் என்றோர் 58. விசாரித்த ஐவரில் நால்வர் அகற்றலாம் என்றனர்! சிற்பி வழக்காடித் தோற்றார். 1989 மார்ச்சிலே அதுவும் இரவோடிரவாகவே வெட்டி அகற்றப்பட்டது. வைக்கும்போது அங்கே வேலைசெய்வோரைக் கேட்கவில்லை. எடுக்கும்போது கேட்டதைக் கணக்கிலெடுக்கவில்லை. பணமும் சட்டமும் நிறைந்த நாட்டிலேயே இது நடந்ததென்றால், நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

தமிழகத்திலும் பாருங்கள். 1968 ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையிலே நாட்டப்பட்ட கண்ணகி சிலை 2001 டிசம்பரிலே பீடத்தினின்று அகற்றப்பட்டது. லொறி மோதிவிட்டது என்றார்கள். மீண்டும் அது கடற்கரைக்கு வந்தது 2006 ஜூனிலே, ஆட்சி மாறிய பின்னர். ஆட்சிக்கொரு முறை இறங்கி ஏறும் சிலை எந்த ஊருக்கும் பெருமை தராது.

கலைஞனுடைய உரிமையையும் நாம் மறத்தலாகாது. டெல்லி விக்யான் பவனத்திலே அமர்நாத் சேகல் என்ற சிற்பி செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979 இலே அதிகாரிகள் பிடுங்கிக் களஞ்சியத்திலே போட்டுவிட்டனர். அவர் வழக்காடினார். 2005 ஆம் ஆண்டிலே டெல்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 இலட்சம் ரூபா நட்டஈடு செலுத்தவும் தீர்ப்பளித்தது. விற்ற பொருளாயினும் படைத்தவனின் ஒழுக்க உரிமை அழிவதில்லை என்பதே அதன் அடிப்படை. நமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளனின் ஒழுக்க உரிமையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நம்மூர்ச் சுவரோவியங்களிலே வரைந்தவனின் பெயரைத் தேடிப்பாருங்கள். பெயின்ற் கொடுத்த கடையின் பெயர் இருக்கும்!

கலைஞர் இல்லாத ஊரா நமது ஊர்? எஸ். ஆர். கனகசபை போன்ற சித்திர ஆசிரியர்கள் ஒரு தலைமுறையையே தூரிகை பிடிக்கப் பழக்கிய மண் இது. மாற்கு மாஸ்ரரிடமும் ஆசை இராசையாவிடமும் கற்றவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு மருதனார்மடத்திலே இருக்கின்றது. தேரும் வாகனமும் செதுக்கும் ஆசாரிமார் இருக்கின்றனர். மாதாகோயில் சுரூபங்களுக்கு உயிரூட்டுவோர் இருக்கின்றனர். இவர்களையெல்லாம் விட்டுவிட்டு, அச்சிலே வார்த்த சீமெந்து உருவத்தைப் பட்டியலிலே பார்த்து வாங்கிவந்து பொன்வர்ணம் பூசி நிறுத்துகின்றோம். கடற்காற்றடிக்கும் குடாநாட்டிலே, கழுவாத உவர் மணலிலே குழைத்த சீமெந்துக்குள் இருக்கும் கம்பி எத்தனை காலம் தாங்கும்? கம்பி துருவேறி வீங்கும், விரல் வெடிக்கும், மூக்கு உதிரும். பெரியாரை அவமதிக்கப் பகைவன் வரவேண்டியதில்லை, இரண்டு மாரி போதும்! சுவரோவியத்துக்கும் அதே கதி. 2019 ஆம் ஆண்டின் இறுதியிலே நாடெங்கும் இளைஞர்கள் மதில்களிலே ஓவியம் தீட்டப் புறப்பட்டார்கள்; நம்மூர் இளைஞரும் தீட்டினார்கள். ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் ஈரமூறும் மதிலிலே, பாசியைச் சுரண்டாமல், அடிப்பூச்சு இல்லாமல் தீட்டியது எவ்வளவு காலம் நிலைக்கும்? குழுவிலே கட்டடப் பொறியியலாளர் ஒருவரும் கலைஞர் இருவரும் இருந்தால் இதைச் சொல்லியிருப்பர்.

பணத்துக்கு வழி? அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே 1959 இலிருந்து, நமது நூலகம் திறந்த அதே ஆண்டிலிருந்து, பொதுக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கென ஒதுக்கும் வழக்கம் ஏற்பட்டது. பின்னர் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. 50 இலட்சம் ரூபாவிலே ஒரு சனசமூக மண்டபம் கட்டினால், 50,000 ரூபா. பெரிய தொகையன்று. திறப்பு விழாவின் பந்தலுக்கும் மாலைக்கும் செலவாவதை ஒத்ததுதான். வெளிநாட்டு அன்பர் பணம் தருவதை நாம் தடுக்கவில்லை. தரட்டும், ஆனால் எந்தச் சிலை, எந்த இடம் என்பதை ஊர் முடிவு செய்யட்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்குச் சந்தி என்றால் ஒரு மோகம். நாற்சந்தியிலே சிலை நின்றால்தான் கௌரவம் என்று எண்ணுகின்றோம். இந்திய உயர்நீதிமன்றம், அங்கே உச்ச நீதிமன்றம் என்பர், 2013 ஜனவரியிலே பொது வீதிகளிலும் நடைபாதைகளிலும் புதிதாகச் சிலை வைக்க மாநிலங்கள் அனுமதி கொடுத்தலாகாதென்று கட்டளையிட்டது. போக்குவரத்துக்கு இடையூறு என்பதே காரணம். நாமும் சிந்திக்க வேண்டியதே. சந்தியிலே நிற்கும் சிலையைப் பஸ்ஸிலே போகின்றவன் அரைக்கணம் பார்க்கிறான். வாசிகசாலைத் திண்ணையிலே இருக்கும் ஓவியத்தை ஒரு பிள்ளை பத்து வருடம் பார்க்கிறது.

அப்படியானால் அந்தப் பிள்ளை அங்கே யாரைப் பார்க்கப்போகின்றது? இதுவே நம் உரையின் நெஞ்சு. நமது நிலையங்களின் சுவர்களிலே காந்தியும் பாரதியும் வள்ளுவரும் உண்டு. அவர்களுக்கு வணக்கம். ஆனால் அந்தந்த ஊரிலே உழைத்தவர் எங்கே? குருநகரிலே வலையிழுத்தவர் எங்கே? செம்மண்ணிலே துலாமிதித்து நீரிறைத்தவர் எங்கே? பனையேறியவர் எங்கே? சென்னைக் கடற்கரையிலே 1959 இலே நிறுவிய உழைப்பாளர் சிலையிலே நால்வர் பாறையொன்றைப் பெயர்க்கின்றனர். அவர்களுக்குப் பெயரில்லை, பட்டமில்லை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த அச்சிற்பத்தைப் பார்த்து, இவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஒவ்வொரு கூலியாளும் தன்னையே காண்கின்றான்.

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பொது என்று பலகையெழுதிய இடமெல்லாம் நம் சமுதாயத்திலே எல்லோர்க்கும் பொதுவாக இருந்ததில்லை. கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் தடுக்கப்பட்ட மக்கள் தங்களுக்கென்று வாசிகசாலைகளை அமைத்துக்கொண்டார்கள் என்பது நம் அண்மைக்கால வரலாறு. 1990 ஒக்டோபரிலே இந்த நகரின் முஸ்லிம் மக்கள் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டனர். திரும்பி வந்தவர்கள் சோனகதெருவிலே பள்ளியையும் பாடசாலையையும் மீள எழுப்பினார்கள். அந்த வட்டாரத்து நிலையத்தின் முன்றலிலே என்ன வைப்பது என்பதை, அங்கே வாழாத நாம் முடிவுசெய்யலாமா? பெரும்பான்மை தன் தெய்வத்தைச் சிறுபான்மையின் நிலத்திலே நாட்டுவது எப்படிப்பட்ட வேதனை என்பதைத் தையிட்டியிலே நாம் அனுபவிக்கின்றோம். தங்கள் காணிகளிலே தங்கள் இசைவின்றி விகாரை எழுந்துவிட்டதென்று அங்கே காணிக்காரர் வீதியிலிருந்து போராடி வந்திருக்கின்றனர். கொழும்பிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் ஒழுங்கைகளிலே நாம் வழங்க மறுத்தால், எந்த முகத்தோடு தையிட்டியிலே போய் நிற்பது?

ஆகவே குழுவின் அமைப்பிலே நாம் வற்புறுத்துவது ஒன்று: சபையின் 45 அங்கத்தவரிலிருந்து சிலர் மட்டும் அமர்ந்து 27 வட்டாரத்துக்கும் தீர்ப்பெழுதுவது போதாது. ஒவ்வொரு விண்ணப்பம் விசாரிக்கப்படும்போதும் அந்த வட்டாரத்தின் சனசமூக நிலையத்திலிருந்து இருவர், அவருள் ஒருவர் பெண், வாக்குரிமையோடு அமரவேண்டும். விசாரணை மாநகர சபைக் கட்டடத்திலே அன்று, அந்த நிலையத்திலேயே, மாலை 5 மணிக்குப் பின் நடக்கவேண்டும். தோட்டத்திலும் கடையிலும் நிற்பவர் பகல் 10 மணிக்கு வரமுடியாதல்லவா? மாதிரி உருவத்தையோ படத்தையோ ஒரு மாதம் அங்கேயே வைத்து, பார்ப்போர் கருத்தெழுத ஒரு கொப்பியும் வைக்கவேண்டும்.

கட்சிப் பேதமின்றி இதனைச் சபையிலே பிரேரணையாகக் கொண்டுவர அங்கத்தவர் இருவர் முன்வந்துள்ளனர். அவர்கள் பெயரை இங்கே சொல்லோம்; சொன்னால் அடுத்த கட்சியார் எதிர்த்தே தீருவர்! பிரேரணைக்குத் துணையாக வரியிறுப்பாளரின் விண்ணப்பமொன்றைத் தயாரித்திருக்கின்றோம். வாயிலண்டை மேசையிலே தமிழிலே அச்சடித்த படிவங்கள் இருக்கின்றன. வாசித்துப் பார்த்து, உடன்பாடாயின் ஒப்பமிடுங்கள். உடன்பாடில்லாதவர்கள் மறுபக்கத்திலே காரணத்தை எழுதுங்கள். அதனையும் சேர்த்தே சபைக்குக் கையளிப்போம். முகவரியோடு வட்டாரத்தின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.